மூன்றாவது வரிசையில் நிலா

அகிலா இறந்த ஐம்பத்தாறாம் நாள் ஜலஜா டீச்சர் போன் செய்தார். 2006 டிசம்பர் ஐந்து, செவ்வாய்க்கிழமை. நான் ஷார்ஜாவின் ஹம்ரியாவில் எங்கள் யார்டின் ஃபிலிம் அறையில் இருந்தேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, அதன்மேல் வெளிச்சப் பெட்டி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஏ.சி. பதினோரு வருடங்களாக நான் பகலைக் கழித்த இடம் அதுதான்.

என் வேலையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணெய்க் குழாய்களை வெல்டிங் செய்து இணைப்பார்கள். இணைப்புக்குள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஒரு பக்கம் இரிடியம் என்ற கதிரியக்க உலோகத்தையும் மறுபக்கம் ஃபிலிமையும் வைத்துப் படம் எடுப்பார்கள். இரிடியத்திலிருந்து வருவது காமாக் கதிர். யார்டில் அந்த இரிடியப் பெட்டிக்கே ‘காமா’ என்றுதான் பெயர். எடுப்பது என்னோடு யார்டில் இருக்கும் கார்மேகம் போன்றவர்களின் வேலை. எடுத்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் படித்து, சரி, ரிப்பேர், மறுபடி எடு என்று எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. ஃபிலிமில் கதிர் அதிகம் பட்ட இடம் கறுக்கும். குறைவாகப் பட்ட இடம் வெளுக்கும். இதை நான் யோசித்துப் பார்ப்பதில்லை. கண் தானாகவே சொல்லிவிடும்.

அகிலா ஷார்ஜாவில் ஒரு இந்தியப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அக்டோபர் பத்தாம் தேதி மூன்றாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அது நோன்பு மாதம். அலுவலகங்கள் சீக்கிரம் மூடிவிடும். இரண்டு மணிக்குள் எந்தெந்தக் காகிதத்தில் எங்கெங்கே முத்திரை வாங்க வேண்டும் என்று கார்மேகம்தான் ஓடினான். திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து சாத்தூருக்கு ஆம்புலன்ஸ். பதினாறாம் நாள் முடிந்ததும் அஜ்மானில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, மறுநாளே டியூட்டிக்குப் போய்விட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் அழவில்லை. அதைப் பற்றி ஊரிலும் இங்கேயும் பலர் கவலைப்பட்டார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உப்பு போட்டேனா என்று சாப்பிடும்போது எனக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஜலஜா டீச்சர் அகிலாவின் டிபார்ட்மெண்டுக்குத் தலைவி. ஆலப்புழைக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

“பாலகுரு சாரே, ஒரு சின்ன காரியம். அடுத்த வியாழக்கிழமை ஸ்கூலில சயன்ஸ் எக்ஸிபிஷன். அகிலா ஒரு சார்ட் பண்ணி வெச்சிருந்தா. பதினொண்ணாம் கிளாஸ் ஷ்ருதின்னு ஒரு குட்டி, அவகூட சேர்ந்து. கிட்டத்தட்ட முடிஞ்சது. அதை வைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை.”

“வையுங்க டீச்சர்.”

“அதில்ல. மூணாவது வரிசையில லேபிள் மாறிப் போயிருக்கு. சூரியன் இருக்க வேண்டிய இடத்துல நிலான்னு ஒட்டியிருக்கா, நிலாவுக்கு சூரியன்னு. நாங்க மாத்தி ஒட்டிடலாம். ஆனா உங்ககிட்ட சொல்லாம தொட மனசு வரல்ல.”

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த சமயத்துலயே அவளுக்குத் தலைக்குள்ள ஏதோ தொடங்கியிருக்கும் சாரே. பாவம். நம்ம யாருக்கும் தெரியல.”

“தொடாதீங்க. நான் வந்து பாக்குறேன்” என்றேன்.

அகிலா லேபிள் மாற்றி ஒட்டுகிறவள் அல்ல. எங்கள் சமையலறையில் மல்லித்தூள் டப்பாவில்கூட அரைத்த தேதி இருக்கும். அந்த சார்ட்டை அவள் செப்டம்பர் கடைசியில் செய்தாள் என்பது எனக்குத் தெரியும். ஹால் தரையில் விரித்து வைத்திருந்தாள். நான் அதைத் தாண்டித் தாண்டிப் படுக்கையறைக்குப் போனேன். லேபிள் தவறென்றால், செப்டம்பரிலேயே அவளுக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. கூடவே இருந்தும், குறை கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் அதைப் பார்க்கவில்லை. லேபிள் சரியென்றால், அது டாக்டர் சொன்னபடி ஒரே நிமிடத்தில் வந்தது. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்த இரண்டில் எது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறெதுவும் அப்போது எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மதியம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். இயற்பியல் லேபில் சார்ட்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்கள். ஜலஜா டீச்சரும் ஷ்ருதியும் நின்றார்கள். ஷ்ருதி கண்ணாடி போட்ட, உயரமான பெண். பாளையங்கோட்டைக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜா. என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

‘ஒரே வானம், வேறு வேறு வெளிச்சம்’ என்று அகிலா ஆங்கிலத்தில் தலைப்பு எழுதியிருந்தாள். கீழே மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. முதல் வரிசை நாம் கண்ணால் காண்கிறபடி. இரண்டாவது வரிசை எக்ஸ்ரேயில். அதில் சூரியன் திட்டுத்திட்டாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நிலாவின் வெயில் படும் பாதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவது வரிசை காமாக் கதிரில், ஒரு செயற்கைக்கோள் எடுத்தது. பள்ளி பிரிண்டரில் கலர் தீர்ந்துவிட்டதால் அந்த வரிசை மட்டும் கறுப்பு வெள்ளை. சூரியன் என்று எழுதிய சதுரம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நிலா என்று எழுதிய சதுரத்தின் நடுவே ஒரு வெள்ளைத் திரள், ஈரத்துணியில் விழுந்த சோற்றுக் கஞ்சி மாதிரி, ஓரமில்லாமல்.

“பாத்தீங்களா? மேல ரெண்டுலயும் சூரியன் பளிச்சுன்னு இருக்கு. இங்க மட்டும் சூரியன் இடத்துல ஒண்ணுமே இல்ல” என்றார் டீச்சர்.

நான் குனிந்து பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு பட்டை இருந்தது. கறுப்பில் தொடங்கி, சாம்பலாகி, படிப்படியாக வெள்ளையாகும் பட்டை. பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள். என் மேஜையிலும் அப்படி ஒரு பட்டை உண்டு. ஃபிலிம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதைப் பார்த்த உடனே எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

“லேபிள் சரி டீச்சர்” என்றேன்.

“எப்படி?”

“இது நெகடிவ். காமாவில எடுத்தா இப்படித்தான் வரும். எங்க கதிர் அதிகமா விழுதோ அங்க கறுத்துடும். சூரியன்ல இருந்து அவ்வளவு வந்திருக்கு, அதான் முழுக்கக் கருகிப்போச்சு. நிலாவில இருந்து ஒண்ணும் வரல, அதான் வெள்ளை. நான் தினமும் இதைத்தானே பாக்குறேன்.”

ஜலஜா டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். “என் ஈஸ்வரா. சாரே, நீங்க வரல்லன்னா நாங்க பெரிய பாவம் பண்ணியிருப்போம்.”

“அங்கிள்” என்றாள் ஷ்ருதி. “மிஸ் வந்து...”

“பொறும்மா” என்றேன். “டீச்சர், ஒரு வெள்ளை பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுங்க. பாக்குறவங்களுக்கும் இதே சந்தேகம் வரும்.”

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘மூன்றாவது வரிசை நெகடிவ் படம். கறுப்பான பகுதியே அதிகக் கதிர்வீச்சைக் குறிக்கும்.’ என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். சார்ட்டில் காலி இடம் இல்லை. வலப்பக்கப் பட்டையின் மேலேயே இரட்டைப்பக்க டேப் வைத்து ஒட்டினேன். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

அன்று நான் தூங்கினேன். அந்த இரண்டு மாதத்தில் முதல்முறை என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் அன்று எத்தனை மணிக்குப் படுத்தேன் என்பது நினைவில்லை. மற்ற நாட்களுக்கு நினைவிருக்கிறது.

கண்காட்சி டிசம்பர் பதினான்கு. மதியம் கார்மேகம் யார்டு பிக்கப்பில் என்னை அழைத்துப் போனான். அவன் முதுகுளத்தூர்ப் பக்கம். தொழிலாளர் காம்ப்பில் எட்டுப் பேர் ரூம். அன்று பெட்டி போட்டுத் தேய்த்த சட்டையும் சென்ட் வாசனையுமாக வந்திருந்தான்.

“என்னடா, பொண்ணு பாக்கவா போறோம்?”

“சும்மா இருங்கண்ணே. இங்கிலீஸ் ஸ்கூலு. உள்ள விடாம போயிட்டா? அக்கா செஞ்சத நான் பாக்கணும்.”

“பாத்தா புரியுமா?”

“நான் எடுக்குற ஃபிலிமு மட்டும் எனக்குப் புரியுதாக்கும்? நீங்க ரிப்பேர்னு எழுதுனா ரிப்பேரு. திரும்ப எடுன்னா எடுக்குறேன். அப்படியே போகுது பொழப்பு.”

பள்ளி ஆடிட்டோரியத்தில் முப்பது நாற்பது மேஜைகள். எரிமலை, காற்றாலை, சூரிய அடுப்பு, பல் விளக்குவது எப்படி என்று ஒரு பெரிய பல். ஜூஸ் இலவசம் என்று தெரிந்ததும் கார்மேகம் இரண்டு எடுத்துக்கொண்டான். அகிலாவின் சார்ட்டை மேடைக்குப் பக்கத்தில், சுவரில் தனியாக மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள். பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் அகலமாகிவிட்டது. நான் அதைப் பார்க்காமல் சார்ட்டைப் பார்த்தேன். என் குறிப்பு நேராக இருந்தது.

நடுவர் மூன்று பேர். அவர்களில் பேசியவர் ஸ்ரீனிவாசன், துபாயில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவர். ஷ்ருதி முதலிரண்டு வரிசையை நன்றாக விளக்கினாள். மூன்றாவது வரிசைக்கு வந்ததும் அவள் குரல் மாறியது. என் குறிப்பை வார்த்தைக்கு வார்த்தை ஒப்பித்தாள்.

“வெரி குட்” என்றார் ஸ்ரீனிவாசன். “நெகடிவ்னு போட்டதுதான் புத்திசாலித்தனம். இல்லேன்னா லேபிள் மாறிடுத்துன்னு நானே சொல்லியிருப்பேன்.” மூவரும் தாளில் எண் எழுதிவிட்டுப் போனார்கள்.

சிறிது நேரத்தில் ஜலஜா டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்தார். “சாரே, ஃபர்ஸ்ட். இன்னும் சொல்லல்ல, ஆனா ஃபர்ஸ்ட். அஞ்சு மணிக்கு ஸ்டேஜ்ல சொல்லுவாங்க. பிரின்ஸிபால் சர்டிபிகேட்டை உங்க கையிலதான் கொடுக்கணும்னு சொல்லியிருக்கார்.”

“ஷ்ருதிகிட்ட சொல்லுங்க” என்றேன்.

ஷ்ருதி பக்கத்தில்தான் நின்றாள். கேட்டுவிட்டிருந்தாள். அவள் முகம் சந்தோஷப்பட்ட முகமாக இல்லை.

“நீ நல்லா சொன்னேம்மா” என்றேன்.

“நான் பொய் சொன்னேன் அங்கிள்.”

“என்ன?”

“நோட் தப்பு. நீங்க எழுதினது.” அவள் வேகமாக, மூச்சு விடாமல் பேசினாள். “மிஸ் எனக்கு சொல்லிக் குடுத்தது வேற. நீங்க மிஸ்ஸோட ஹஸ்பண்ட். நீங்க காமாலயே வொர்க் பண்றீங்கன்னு மிஸ் கிளாஸ்ல சொல்வாங்க. சோ நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு நினைச்சேன். நேத்து வீட்ல மறுபடி படிச்சேன். தப்பு அங்கிள். அது நெகடிவ் இல்ல.”

“அப்போ லேபிள்?”

“லேபிள் கரெக்ட். நிலாதான் பிரைட். சூரியன்தான் டார்க்.”

ஜலஜா டீச்சர், “மோளே, என்ன பேசற?” என்றார்.

“டீச்சர், நிஜமா. நிலாவுல காத்து கிடையாது. காந்தமும் கிடையாது. ஸ்பேஸ்ல இருந்து வர்ற துகள்லாம் நேரா வந்து அதோட மண்ணுல மோதிட்டே இருக்கும். மோதுறப்போ அந்த மண்ணே காமா விடும். சூரியன் அமைதியா இருக்கிறப்போ அவ்வளவு சக்தி உள்ள காமா அதுல இருந்து ரொம்பக் கம்மி. மோத வர்றதையும் அதோட காந்தப்புலம் தள்ளி விட்டுடும். பெருசா வெடிச்சாத்தான் தெரியும். அந்த சேட்டிலைட் வருஷக்கணக்கா பாத்துச்சு. நிலா தெரிஞ்சது. சூரியன் தெரியல.”

கார்மேகம் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தான். “அப்போ அமாவாசை அன்னிக்கு என்ன செய்யும் பாப்பா?”

“அன்னிக்கும் ஃபுல்லாதான் தெரியும் அண்ணா. வெயில் படுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த லைட்ல பிறையே கிடையாது.”

கார்மேகம் என்னைப் பார்த்தான். “அண்ணே, இது எப்படி?”

நான் சார்ட்டுக்குப் போய் என் குறிப்பின் ஒரு மூலையை நகத்தால் தூக்கினேன். டேப் நன்றாகப் பிடித்திருந்தது. இழுத்தபோது சார்ட்டின் மேல்தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. அடியில் அந்தப் பட்டை இருந்தது. கறுப்பு முனைக்குப் பக்கத்தில் பூஜ்யம். மேலே போகப் போக எண் கூடிக்கொண்டே போனது. வெள்ளை முனையில்தான் பெரிய எண்.

என் மேஜைப் பட்டையில் கறுப்புக்குத்தான் பெரிய எண்.

ஃபிலிமை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் வெல்டை அல்ல. ஓரத்தில் இருக்கும் அளவையும் அடையாள எழுத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அவை இல்லாத ஃபிலிமை யாருடையதாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இவளுடையதில் பட்டை இருந்தது, எண்கள் இருந்தன. பட்டையைப் பார்த்தேன். எண்களைப் படிக்கவில்லை. படிக்காமல், அதன் மேலேயே என் தாளை ஒட்டிவிட்டேன்.

அகிலா தப்பு செய்யவில்லை என்று காட்டத்தான் நான் போனேன். அவள் சொன்னதை அழித்துவிட்டு, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அவள் சொன்னதாக எழுதி வைத்தேன். அதற்குத்தான் முதல் பரிசு.

“சாரே,” ஜலஜா டீச்சர் மெதுவாகச் சொன்னார், “அதை அப்படியே திரும்ப ஒட்டிடுங்க. யாருக்கும் தெரியாது. அவ பேரை ஸ்டேஜ்ல சொல்லட்டும். கிட்டட்டும் அவளுக்கு. இனி அவளுக்குக் கிட்ட வேற என்ன இருக்கு?”

“திரும்ப ஒட்டாது டீச்சர்” என்றேன். “கிழிஞ்சிடுச்சு.”

“வேற ஒண்ணு எழுதலாமே.”

எங்கள் வேலையில் ஒரு நடைமுறை உண்டு. சரி என்று கையெழுத்துப் போட்ட ஃபிலிமில் பிற்பாடு குறை தெரிந்தால், குழாய் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தாலும் போய்ச் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை சொன்னேன். நாற்பது மீட்டர் தோண்டினார்கள். இரண்டு மாதம் யாரும் என்னோடு டீ குடிக்கவில்லை. அந்த நாற்பது மீட்டரையும் மறுபடி படமெடுத்தவன் கார்மேகம்தான்.

“நடுவருங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டேன்.

கார்மேகம் தலையில் கை வைத்தான். “போச்சு. அண்ணே மறுபடியும் தோண்டக் கிளம்பிட்டாரு.”

நடுவர்கள் மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீனிவாசன் எழுந்து நின்றார். நான் யார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“சார், மூணாவது வரிசையில இருந்த குறிப்பு தப்பு. எழுதினது நான். அந்தப் பொண்ணு இல்ல, டீச்சரும் இல்ல.”

“ஓ. அப்போ லேபிள்தான் மாறியிருக்கா?”

“இல்ல. லேபிள் சரி.”

“குறிப்பு தப்பு, லேபிள் சரின்னா...” அவர் சமோசாவைத் தட்டில் வைத்தார். “நிலா சூரியனைவிடப் பிரகாசம்னு சொல்றேளா?”

“ஆமா சார். அந்தக் கதிர்ல.”

இரண்டு மாதமாக எல்லோரும் என்னைப் பார்த்த மாதிரி அவரும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கோ சார். கொஞ்சம் தண்ணி குடிக்கறேளா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க.”

அவர் வந்தார். பரிதாபப்பட்டுத்தான் வந்தார். நான் பட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழிருந்து மேலே போனார். பிறகு கறுப்புச் சதுரத்தை, பிறகு வெள்ளைத் திரளை. ஷ்ருதி மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை அவள் குரல் மாறவில்லை.

“ஸ்கேல் அப்படித்தான் சொல்றது” என்றார் கடைசியில். “ஆனா நான் இதைப் படிச்சதில்லை. உண்மையைச் சொல்றேன். அரைமணி முன்னாடி நெகடிவ்னு சொன்னேள், தலையாட்டினேன். இப்போ இல்லேங்கறேள். ரெண்டுக்கும் நான் தலையாட்டினா, நான் எதுக்கு நடுவர்?” ஷ்ருதியைப் பார்த்தார். “அந்த விளக்கத்துக்குப் போட்ட மார்க்கை நான் எடுத்துத்தான் ஆகணும்மா.”

“எடுத்துக்கோங்க சார்” என்றாள் ஷ்ருதி.

அவர் தயங்கினார். மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்தார். என்னிடம், “நீங்க வரலேன்னா எனக்குத் தெரியவே தெரியாது” என்றார். அது புகாரா நன்றியா என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு மேடையில் முதல் பரிசை சூரிய அடுப்புக்குக் கொடுத்தார்கள். பிரின்ஸிபால் அகிலாவைப் பற்றி நான்கு வாக்கியம் பேசினார். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். மேடைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. முன்வரிசையில் இரண்டு டீச்சர்கள் திரும்பி என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். ‘அப்பவே தலைக்குள்ள’ என்பது வரை என் காதில் விழுந்தது. அப்படித்தான் அவர்கள் இனி சொல்லிக்கொள்வார்கள் என்று தெரிந்தது. நான் மறுத்துச் சொன்னால் எனக்கும் தலைக்குள் ஏதோ என்பார்கள்.

ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில், எங்கள் ஹால் தரையில், அவள் தலை சரியாகத்தான் இருந்தது. என்னுடையதைவிடச் சரியாக. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று பிறகு பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு மருந்து போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. தொடுவது தெரிகிறது. கன்னம் நம்முடையது என்பது தெரிவதில்லை.

பரிசு முடிந்தும் பெற்றோர்கள் ஆறு மணி வரை சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். ஜலஜா டீச்சர் ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவந்தார். அவர் கண் சிவந்திருந்தது. என்மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை.

“கிழிஞ்ச இடத்துக்குப் பக்கத்துல சரியானதை எழுதி வெச்சிடுங்க சாரே. உங்க கையெழுத்து நல்லா இருக்கு.”

“ஷ்ருதி எழுதட்டும்.”

“நீங்க கீழ ஒரு சைன் போடுங்க. காமாவில வேலை செய்யறவர்னு இருந்தா ஆளுங்க நம்புவாங்க.”

“இதைப் படிக்கிற லெவல் எனக்கு இல்ல டீச்சர்” என்றேன். எங்கள் வேலையில் லெவல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தேர்வு உண்டு. நான் இரண்டு. டீச்சருக்கு அது தெரியாது. ஏதோ தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஷ்ருதி தரையில் மண்டியிட்டு எழுதினாள். எழுத்து ஏறியும் இறங்கியும் இருந்தது. கடைசி வரிக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினாள். பட்டையை மறைக்காமல், அதற்கு ஒரு விரல் தள்ளிச் சுவரில் ஒட்டினாள். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். போகலாமா என்று கார்மேகம் கேட்டான். ஆறு மணிக்கு என்றேன். அவன் வேறு யாரோ மிச்சம் வைத்த ஜூஸைத் தேடிப் போனான்.

கோட்டு போட்ட ஒருவர், கையில் சின்னக் குழந்தையோடு வந்தார். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவர் மூன்றாவது வரிசையில் நின்றார். சிரித்தார்.

“பாப்பா, இங்க பாரு. ரெண்டையும் மாத்தி ஒட்டிட்டீங்க.”

ஷ்ருதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“மாத்தல அங்கிள்” என்றாள். “அப்படித்தான். நான் சொல்றேன், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க.”